பத்து நிமிடங்களில் வெளியேற்றப்படுவீர்கள்

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், எனக்குப் பிடிக்காததையும் விடமாட்டேன். நம் வீட்டில் இப்போது இரண்டு கட்சி. எனக்கு இரண்டிலும் ஒட்டு உண்டு என்பதால் யாராவது ஒருவர் சரியாக எழுதிவைக்க வேண்டும்.

தாளில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் ஒரே கணினி. மின்னஞ்சல் வந்தால் அண்ணனுக்குத் திரையைப் படித்துக்காட்டும் குரல் அதையும் சத்தமாகப் படித்துவிடும். அம்மாவின் போனிலோ, நீ பேசினால் பக்கத்து அறைவரை கேட்கும். தாள் பேசாது. பதிலை எங்கள் பள்ளிக்கு எதிரே இருக்கும் நூலகத்தின் முகவரிக்கு அனுப்பு. நூலகர் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை ஒன்பது மணிக்கு உங்கள் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத் தளம் திறந்தது. அண்ணன் எட்டரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு கணினிமுன் உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்குள் உட்கார எதற்குச் சட்டை என்று நான் கேட்கவில்லை. தளம் திறந்ததும் குரல் சொன்னது இதுதான்: "படம். படம். படம். பொத்தான். பொத்தான். படம். பொத்தான்."

"இந்த அம்மணிக்கு ரெண்டே வார்த்தைதான் தெரியும்போல" என்றான். அந்தக் குரலை அவன் அம்மணி என்றுதான் சொல்வான்.

ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தான். ஒன்று விடுதிக் கட்டணத்துக்குப் போனது. ஒன்று துணைவேந்தரின் வாழ்த்துரைக்குப் போனது. பன்னிரண்டாவது பொத்தானில் விண்ணப்பம் கிடைத்தது. அங்கே கோணல்மாணலாக ஐந்து எழுத்துகள் ஒரு படத்தில். நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிசெய்ய அவற்றைத் தட்டச்சு செய்யுங்கள் என்று இருந்தது. அம்மணி அதையும் "படம்" என்றாள்.

"கண்ணு தெரிஞ்சாத்தான் மனுஷனாம்" என்றான் அண்ணன். சிரிக்கவில்லை.

தையல் மிஷினிலிருந்து அம்மா, "தங்கச்சிகிட்ட குடேன்டா. ரெண்டு நிமிஷ வேலை" என்றாள்.

"போன வருஷமும் ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு" என்றான்.

போன வருடம் அவன் உன்னிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து நிரப்பச் சொன்னான். கணிதம் என்று சொன்னான். நீ வரலாறு என்று போட்டாய். இடம் கிடைத்த கடிதத்தை நான்தான் அவனுக்குப் படித்துக்காட்டினேன். பாதியில் நிறுத்தி, "திரும்பப் படி" என்றான். திரும்பப் படித்தேன். அவன் சேரவில்லை. ஒரு வருடம் போய்விட்டது. இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் பதிவு முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் எழுதினேன்.

கடைசி நாள் ஜூன் 30, மாலை ஐந்து மணி. இந்த முறை தன் கையாலேயே நிரப்புவேன் என்கிறான். இல்லாவிட்டால் வேண்டாம் என்கிறான். அந்தத் தளத்தைக் கட்டியவர்களில் நீயும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

உன் தங்கை


ஜூன் 6

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சொல்வதுபோல் இருக்க வாய்ப்பில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் தளம் எல்லோரும் பயன்படுத்தத்தக்கதா என்று சோதிக்கும் மென்பொருளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கியிருக்கிறது. அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு எங்கள் பிரிவின் வாசலில் மாட்டியிருக்கிறார்கள்.

பிறகு ஞாபகம் வந்தது.

சோதனைக்கு நான்கு நாள் இருந்தபோது அந்த மென்பொருள் எண்ணூற்றுச் சொச்சம் தவறுகளைக் காட்டியது. படங்களுக்கு விளக்கம் இல்லை, பொத்தான்களுக்குப் பெயர் இல்லை என்று. ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பெயர் எழுத மூன்று வாரம் ஆகும். நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். படம் என்றால் "படம்" என்று போடு, பொத்தான் என்றால் "பொத்தான்" என்று போடு. பதினைந்து நொடியில் எல்லாம் பச்சையாகிவிட்டது. பெயர் இருக்கிறதா என்றுதான் அந்த மென்பொருள் பார்க்கும். என்ன பெயர் என்று பார்க்காது. பிரிவுத் தலைவர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார். நின்றேன்.

எனக்கு ஓர் உதவி செய். அடுத்த இடத்துக்குத் தாவ அவன் டேப் விசையை அழுத்தும்போது ஒவ்வொரு முறையும் குரல் என்ன சொல்கிறது என்று வரிசையாக எழுதி அனுப்பு. நான் கேட்டதாகச் சொல்லாதே. சொன்னால் கணினியை மூடிவிட்டு எழுந்துபோவான்.

போன வருடத்தைப் பற்றி: வரைபடத்தையும் சமன்பாட்டையும் அவன் எப்படிப் பார்ப்பான் என்று யோசித்தேன். நல்லதுக்குத்தான் செய்தேன். இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வரிசை தனித் தாளில் இருக்கிறது. மொத்தம் அறுபத்தோரு முறை டேப் அழுத்தியபிறகுதான் விண்ணப்பத்தின் முதல் கட்டம் வருகிறது. நானும் கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்தேன். இருபதாவது முறையே தொலைந்துபோனேன். கண்ணைத் திறந்துவிட்டேன். எனக்குத் திறக்க முடிகிறது.

அந்த ஐந்து எழுத்துகளுக்கு மட்டும் அண்ணன் என்னை அனுமதித்திருக்கிறான். "அஞ்சு எழுத்தைச் சொல்லு. அதுக்கு மேல வாயைத் திறந்தே, அகராதி, ரூமை விட்டு வெளிய போயிடணும்." நான் எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பதால் அவன் எனக்கு வைத்த பெயர் அது. வாய்த்துடுக்குக்கும் சேர்த்துத்தான் என்று அம்மா சொல்கிறாள்.

உள்ளே போனபிறகு இரண்டு தடைகள். முதலாவது பிறந்த தேதி. அதைத் தட்டச்சு செய்ய முடியவில்லை. ஒரு நாள்காட்டி வருகிறது, அதில் கணினி எலியால்தான் பார்த்துச் சொடுக்க வேண்டும். அண்ணன் எட்டு நிமிடம் போராடினான். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "யுனிவர்சிட்டி கணக்குப்படி நான் இன்னும் பொறக்கவே இல்லை" என்றான். அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு மிஷினை வேகமாக ஓட்டினாள்.

இரண்டாவது நேரம். உள்ளே நுழைந்து பத்து நிமிடம் ஆனால் தளம் ஆளை வெளியே தள்ளிவிடுகிறது, எழுதியதெல்லாம் அழிந்துவிடுகிறது. பார்த்து நிரப்புகிறவர்களுக்குப் பத்து நிமிடம் போதும். அண்ணன் ஒவ்வொரு கட்டத்தையும் கேட்டு, எழுதி, எழுதியதைத் திரும்பக் கேட்க வேண்டும். அவனுக்கு நாற்பது நிமிடமாவது வேண்டும். நேற்று மட்டும் நான்கு தடவை அம்மணி "நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்" என்றாள்.

"படிக்க வர்றேங்கறேன். வீட்டுக்குப் போங்கறா. வீட்லதான்மா இருக்கேன்" என்று அவளிடம் சொன்னான்.

நான் எழுதிக்கொண்டே இருக்கும் சத்தம் அவனுக்குக் கேட்டுவிட்டது. "என்னடி கணக்கு எடுக்கிறே?" என்றான். பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலை என்றேன். அது பொய். உண்மையை எழுதுவதாகச் சொல்லித் தொடங்கியதால் என் பொய்யையும் எழுதிவிடுகிறேன்.

அப்பா பணிமனையிலிருந்து வந்து கைகளைக் கழுவும்போது, "அவ வேலை செய்யற இடம்தானே அது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். துண்டை எடுத்துக் கைகளைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

உன் தங்கை


ஜூன் 15

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய வரிசையை மேசையில் விரித்துவைத்து, திரையை அணைத்துவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு என் தளத்துக்குள் நானே நுழைந்து பார்த்தேன். ஒரு மணி பத்து நிமிடம். உள்ளே போக முடியவில்லை. எங்கே எது இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். நான் கட்டியது. அப்படியும் முடியவில்லை. திரையைப் போட்டபோது விடுதியில் அறை கேட்டு ஒரு விண்ணப்பம் பாதி நிரப்பியிருந்தேன். அறை எனக்குத்தான்.

பிரிவுத் தலைவரிடம் போனேன். பேச்சை அப்படியே எழுதுகிறேன், உனக்கு அதுதானே பிடிக்கும்.

"கண்ணு தெரியாதவங்க எத்தனை பேர் போன வருஷம் விண்ணப்பிச்சாங்க?"

"யாருமில்லை சார்."

"அப்புறம் யாருக்கும்மா இதெல்லாம்?"

"உள்ள வரமுடியாதவங்களை எப்படி சார் எண்ணுவோம்?"

"கஷ்டம்னா புகார் வந்திருக்குமே."

புகார்ப் படிவத்தைத் திறந்து காட்டினேன். அதன் முதல் பக்கத்திலும் அதே ஐந்து கோணல் எழுத்துகள். கொஞ்சநேரம் பார்த்தார். "சரி, எழுத்தை எடுத்துடு" என்றார்.

எழுத்தை எடுத்துவிட்டேன். பொத்தான்களுக்கெல்லாம் கையால் பெயர் எழுதுகிறேன். விண்ணப்பப் பக்கங்கள் முடிந்தன, மற்றவை நடக்கின்றன. எண்ணூறும் என் கையாலேயே எழுதுவதாக இருக்கிறேன். பிறந்த தேதியை இனித் தட்டச்சு செய்யலாம். விண்ணப்பம் இப்போது மூன்றாவது டேப்பிலேயே வந்துவிடும்.

பத்து நிமிடம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது பாதுகாப்புப் பிரிவின் விதி. மாற்றக் கையெழுத்து வேண்டும், கேட்டிருக்கிறேன்.

புதிய பெயர்களைக் கேட்டதும் அவன் என்ன சொன்னான் என்று எழுது. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் சரியாக வாசிக்கிறதா என்று கவனித்துச் சொல். அந்த இடத்தை நான் நான்கு முறை சோதித்தேன்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது.

புதன்கிழமை மாலை அவன் தளத்தைத் திறந்தான். அம்மணி வரிசையாகப் பெயர்களைச் சொன்னாள். அவன் விரல் ஒவ்வொன்றிலும் நின்று நின்று போயிற்று. பிறந்த தேதிக் கட்டத்துக்கு வந்ததும் "நாள், மாதம், ஆண்டு எனத் தட்டச்சு செய்யவும்" என்றாள். அடித்தான். அவள் திரும்பச் சொன்னாள்.

"பொறந்துட்டேன்" என்றான். நான் கைதட்டினேன்.

அவன் விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டான். "நான் பொறக்கலைன்னு இந்த ரூம்லதான் சொன்னேன். அம்மாவுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். யுனிவர்சிட்டிக்கு யார் சொன்னது?"

சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்து வேலை என்று இரண்டாவது முறை சொல்ல என்னால் முடியவில்லை.

"எங்க, எடு" என்றான். பையிலிருந்து உன் இரண்டு கடிதங்களையும் எடுத்துக் கையில் கொடுத்தேன். பிரித்தான். பெருவிரலால் மேலிருந்து கீழே தடவினான். பின்பக்கத்தையும் தடவினான். நீ பேனாவை அழுத்தி எழுதுவாய், அதனால் பின்பக்கம் மேடாக இருக்கும். ஆனால் அதை வைத்துப் படிக்க முடியாது.

"தாள்லயா?" என்றான்.

"ஆமா."

"என்னால படிக்கமுடியாத இடமாப் பாத்து எழுதியிருக்கீங்க. என்னைப் பத்தி."

நான் படித்துக்காட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். இரண்டையும் பழைய மடிப்பிலேயே மடித்தான். மடிப்பு கொஞ்சமும் பிசகவில்லை. என் கையைத் தேடிப்பிடித்து அதில் வைத்தான்.

அன்றிலிருந்து கணினிப் பக்கம் போகவில்லை. கோபமாகவும் இல்லை. கூப்பிட்டால் வருகிறான், சாப்பிடுகிறான், துணி காய்ந்துவிட்டதா என்று கொடியைத் தொட்டுப் பார்த்து எடுத்து வருகிறான். அம்மா என்னைத் திட்டினாள். பிறகு என்னைத் திட்டியதற்கு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று குளியலறையில் கொஞ்சநேரம் நின்று பார்த்தேன். பிறகு பல் தேய்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நாம் இருவரும் தளத்தைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டிருந்தோம். இந்தத் தாள் மட்டும் நமக்குத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் முதலில் தோன்றியிருக்க வேண்டும். இதைத் தேர்ந்தெடுத்தது நான்.

இந்தக் கடிதம் எழுதுவதை அவனிடம் சொல்லிவிட்டேன். "எழுது" என்றான். பத்து நாள் இருக்கிறது.

உன் தங்கை


ஜூன் 24

அகராதிக்கு,

இதை அவனிடம் சத்தமாகப் படித்துக்காட்டு. வேண்டாம் என்றால் படிக்காதே. அவனே கேட்க முடிகிற மாதிரி மின்னஞ்சலிலும் இதை எழுத்து மாறாமல் அவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

தம்பிக்கு,

போன வருடம் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று தங்கைக்கு எழுதியிருந்தேன். அது பொய் என்று எழுதும்போதே தெரியும். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு: "படிப்பில் துணைநிற்பவர் பெயர், உறவு." உன் பெயரை அடித்தேன், ஊரை அடித்தேன், அந்தக் கட்டத்துக்கு வந்ததும் நின்றேன். வீட்டில் எனக்கு மட்டும்தான் அந்தக் கணிதம் தெரியும். கணிதம் என்று போட்டால் மூன்று வருடம் தினமும் நான் உனக்குச் சமன்பாடு படித்துக்காட்ட வேண்டியிருக்கும் என்று தோன்றியது. வரலாறு என்றால் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொள்வாய் என்று தோன்றியது. கட்டத்தைக் காலியாக விட்டேன். மேலே போய்ப் பாடத்தை மாற்றினேன். நீ சொன்னதுபோல் இரண்டு நிமிடம்தான் ஆனது. உன் கண்ணைப் பற்றி நான் யோசிக்கவில்லை. என் சாயங்காலங்களைப் பற்றி யோசித்தேன்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இப்போதைய நிலவரம். பத்து நிமிட விதியை மாற்றக் கையெழுத்துக் கிடைக்கவில்லை. சேர்க்கை முடியட்டும் என்கிறார்கள். பிரிவுத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் தம்பின்னு கேள்விப்பட்டேன். அவனுக்கு மட்டும் நேரத்தை நீட்டிடேன், யார் பாக்கப்போறா?" என்றார். செய்ய முடியும். அல்லது எல்லோருக்குமே நான் அனுமதி கேட்காமல் மாற்றிவிடலாம். அதுவும் முடியும், வேலை போகும். இரண்டையும் செய்யவில்லை. உன்னைக் கேட்காமல் உன் விண்ணப்பத்தில் ஒருமுறை கைவைத்தாயிற்று.

என்ன செய்யட்டும்? நீ சொல்வதைச் செய்கிறேன். ஒன்றும் செய்யாதே என்றாலும் சரி.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நீ அனுப்பிய மின்னஞ்சலை அவன் அதுவரை திறக்கவில்லை. படிக்கவா என்று கேட்டேன். "படி" என்றான். படித்தேன். "என்ன செய்யட்டும்?" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னான்.

"கேக்கறாளாமா?" என்றான்.

"ஆமா."

அப்பா அங்கேதான் இருந்தார், கால் நகம் வெட்டிக்கொண்டு. வெட்டுவதை நிறுத்தினார். "மொத்தம் எத்தனை கட்டம், அகராதி?" என்றான் அண்ணன்.

நாற்பத்து மூன்று.

"பத்து நிமிஷம், அறுநூறு செகண்ட். ஒரு கட்டத்துக்குப் பதினாலு செகண்டுக்குக் கொஞ்சம் கம்மி" என்றான். கடிகாரத்தை எடுத்துவரச் சொன்னான். உனக்கு அவன் சொல்லும் பதில் இதுதானா என்று கேட்டேன். "கடிகாரத்தை எடுத்துட்டு வா" என்றான்.

பதில்களையெல்லாம் ஒரு கோப்பில் வரிசையாக அடித்துவைத்தான். ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டப் பழகினான். அம்மணியின் வேகத்தைக் கூட்டினான். கூட்டக் கூட்ட அவள் பேசுவது எனக்கு ஒன்றும் புரியாமல் போயிற்று, கொதிக்கும் தண்ணீர் மாதிரி ஒரு சத்தம். அவனுக்குப் புரிந்தது. பத்து நிமிடத்துக்குள் சனிக்கிழமை இருபத்தேழு கட்டம்வரை வந்தான். ஞாயிறு முப்பத்து மூன்று. நேற்று முப்பத்தொன்பது. ஒவ்வொரு முறையும் வெளியே தள்ளப்பட்டான், ஒவ்வொரு முறையும் திரும்ப நுழைந்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நான் நேரம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புகைப்படம் வேண்டியிருந்தது. அம்மா தலை வாரிவிட, நான் போனில் எடுத்தேன். "எப்படி இருக்கேன்?" என்று கேட்டான். எங்கோ பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றேன். "இருக்கட்டும்" என்றான்.

இன்று மூன்றேமுக்காலுக்கு உட்கார்ந்தான். முதல் தடவை புகைப்படம் ஏறத் தாமதமாகி வெளியே தள்ளியது. இரண்டாவது தடவை அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து தவறி, அதைத் தேடித் திருத்துவதற்குள் முடிந்தது. அப்போது மணி நான்கேகால். தண்ணீர் குடித்தான். அம்மா மிஷினை நிறுத்திவிட்டு, தைக்காத துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது தடவை எல்லாம் தங்குதடையின்றிப் போயிற்று. பாடம் என்ற இடத்தில் அம்மணி "கணிதம்" என்றாள். நான் கேட்டேன், சரியாகத்தான் வாசித்தாள். துணைநிற்பவர் பெயர் என்ற கட்டத்தில் அவன் தன் பெயரையே போட்டான். உறவு என்ற இடத்தில் "நானே" என்று போட்டான். ஒன்பது நிமிடம் ஐந்து நொடி. ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

அம்மணி, "தேர்வுப் பெட்டி. தேர்ந்தெடுக்கப்படவில்லை" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவன் பின்னால் போனான், முன்னால் வந்தான். மறுபடியும் அதையே சொன்னாள். அந்தப் பெட்டிக்கு நீ பெயர் வைக்கவில்லை அக்கா. பழகும்போதெல்லாம் அதுவரை வருவதற்குள் வெளியே தள்ளப்பட்டதால் எங்களுக்கும் தெரியாது.

ஆனால் அது என்ன பெட்டி என்று எனக்குத் திரையில் தெரிந்தது. கண்முன்னால் இருந்தது. கையை நீட்டினால் சொடுக்கிவிடலாம், அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஒன்பது இருபத்தைந்து. என் கை எலிமேல் இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன், இருந்தது.

"அகராதி, இது என்ன பெட்டி?" என்றான்.

கையை எடுத்துக்கொண்டு படித்தேன். "மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் என்னால் நிரப்பப்பட்டவை, உண்மையானவை என உறுதியளிக்கிறேன்."

அவன் விரல் அப்படியே நின்றது.

"போன வருஷம் இதையும் அவதான் டிக் பண்ணியிருப்பா" என்றான்.

"அண்ணா, நேரம்."

இடைவெளி விசையை அழுத்தினான். "தேர்ந்தெடுக்கப்பட்டது." அடுத்த பொத்தானுக்குப் போய் அழுத்தினான். ஒன்பது நிமிடம் நாற்பத்தெட்டு நொடி. அம்மணி விண்ணப்ப எண்ணைச் சொன்னாள், அதே அவசரத்தில். அவன் வேகத்தைக் குறைத்து இன்னொரு முறை சொல்லவைத்தான்.

"முடிஞ்சுதா?" என்றாள் அம்மா.

"முடிஞ்சுது."

அம்மா திரும்பிப் போய் மிஷினில் உட்கார்ந்தாள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. புகார்ப் படிவத்தைத் திறந்தான். அதை நிரப்ப அரைமணி ஆயிற்று. அதற்கு நேரக்கட்டுப்பாடு இல்லை. பத்து நிமிட விதியைப் பற்றி எழுதினான், ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நொடி என்று கணக்குடன். அடுத்து வருகிறவன் நாற்பத்து மூன்று கட்டத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறான். நாளை காலை அது உன் பிரிவுத் தலைவரின் மேசைக்கு வரும்.

இந்தக் கடிதத்தை இரவுச் சாப்பாட்டுக்கு முன் எழுதி அவனுக்கு முழுதும் படித்துக்காட்டினேன். என் கை எலிமேல் இருந்த இடத்தையும் படித்தேன். அக்காவுக்கு ஏதாவது எழுதவா என்று கேட்டேன். வெளியே யாரோ வண்டியைக் கிளப்பமுடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பும்வரை காத்திருந்தான்.

"அந்தப் பெட்டிக்கு ஒரு பேர் வைக்கச் சொல்லு" என்றான்.

உனக்கு என்று அவன் சொன்னது பதினோரு மாதத்தில் இதுதான். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். அண்ணன் எழுந்து, "எழுதி முடிச்சாச்சா?" என்று கேட்டான். முடித்துவிட்டேன் என்றேன். சுவரைத் தடவிக்கொண்டே போய் இந்த அறையின் விளக்கை அணைத்தான். கடைசி வரியைக் கூடத்து வெளிச்சத்தில் எழுதுகிறேன். இப்போது அம்மா அதையும் அணைத்துவிட்டாள்.